தலைப்பாகை காத்த தலைவர்: சர்தார் அஜித் சிங் சரித்திரம்

மண்ணை நம்பி வாழ்வோர்க்கு இருவகை அச்சங்கள் உண்டு. வானம் பொய்க்குமோ என்பது ஒன்று. அரசாங்கம் என்ன விதி செய்யுமோ என்பது மற்றொன்று. முன்னதை ஊழ்வினை என்று பொறுத்துக்கொள்ளும் குடியானவன், பின்னதைப் பொறுக்க வேண்டுவதில்லை என்று தெளிவதற்கு நெடுங்காலம் ஆகின்றது. அங்ஙனம் தெளிந்து, தம் நிலத்தையும் மானத்தையும் ஒருங்கே காத்துக்கொண்ட குடியானவர்களின் வரலாற்றையும், அவர்களுக்குத் தலைநின்று, அதன் விலையைத் தம் வாழ்நாள் முழுவதும் செலுத்திய பெரியார் ஒருவரின் சரிதத்தையும் இம்மாதம் நேயர்கள் முன் வைக்கப் புகுகின்றோம்.

அவர் பஞ்சாப் தேசத்துச் சர்தார் அஜித் சிங். அவருடைய தமையனார் புதல்வராகிய பகத் சிங்கின் பெயரை அறியாத தமிழர் இலர். சிற்றப்பனாரின் பெயரோ நம் நாட்டில் அருகியே வழங்குகின்றது. அக்குறையைச் சிறிதேனும் நீக்குதல் நம் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

ஜலந்தர் ஜில்லாவைச் சேர்ந்த கட்கர் கலான் என்னும் கிராமத்தில், 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ஆம் நாள், அர்ஜன் சிங், ஜெய் கௌர் என்னும் தம்பதிகளுக்கு அஜித் சிங் பிறந்தார். அவர்கள் சீக்கிய உழவர் குடியினர். தந்தையார் ஆரிய சமாஜத்தின் சீர்திருத்தக் கொள்கைகளில் ஈடுபட்டவர். மூத்தவர் கிஷன் சிங். அடுத்தவர் அஜித் சிங். இளையவர் சுவரண் சிங். மூவரும் பிற்காலத்தில் தேச சேவையிற் புகுந்து சர்க்காரின் கோபத்துக்கு ஆளாயினர். இளையவர் சிறையிற் பற்றிய நோயால் 1910-ஆம் ஆண்டில் இளமையிலேயே மாண்டார்.

அஜித் சிங் ஜலந்தரிற் பள்ளிப் படிப்பை முடித்து, லாகூர் நகரில் கல்லூரிக் கல்வி பெற்று, பின்னர்ச் சட்டம் பயிலப் பரேலிக்குச் சென்றார். 1903-ஆம் ஆண்டில் ஹர்நாம் கௌர் என்னும் பெண்மணியை மணந்தார். பின்பு லாகூரில் மொழிகள் கற்பித்து வாழ்க்கை நடத்தினார். பன்மொழிப் பயிற்சி அவருக்கு இயல்பாக அமைந்தது. அதுவே பிற்காலத்தில், சொந்த நாடு அற்று அலைந்த காலத்தில், அவருக்குச் சோறிட்டது.

கால்வாய் நிலமும் குடியேற்றமும்

அவர் தலைமை தாங்கிய கிளர்ச்சியை விளங்கிக்கொள்ள, அந்த நாட்டு நிலத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

பஞ்சாபில் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தைத் தோஆப் என்பர். சீனாப், ராவி என்னும் ஆறுகளின் நடுவே, ஆற்று நீர் ஏறாத மேட்டுப் பாழ்நிலம் ஒன்று பரந்து கிடந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் சீனாப் ஆற்றிலிருந்து பெருங்கால்வாய் வெட்டி, 1892-ஆம் ஆண்டு முதல் அப்பாழ்நிலத்துக்கு நீர் பாய்ச்சலாயினர். ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் நிலம் அங்ஙனம் சாகுபடிக்கு வந்தது. ஜனநெருக்கம் மிக்க ஜலந்தர், அமிர்தசரஸ், ஹோஷியார்பூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து உழவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு அங்கே குடியேற்றப்பட்டனர். நிலம் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டு முரப்பா எனப் பெயர் பெற்றது. ஊர்களுக்குப் பெயர்களோடு எண்களும் இடப்பட்டன. லயால்பூர் என்னும் புதுநகரம் அப்பிரதேசத்துக்குத் தலைநகராயிற்று. பாகிஸ்தானத்தில் இன்று பைசலாபாத் என வழங்குவது அந்நகரமே.

குடியேறியவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. முள்ளும் புதருமாயிருந்த காட்டை வெட்டி, மேடு பள்ளம் சமன் செய்து, கிளைவாய்க்கால் எடுத்து, கிணறு தோண்டி, வீடு கட்டினர். பிறந்த ஊரை விட்டுப் பல நாட்பயணத் தொலைவிற் சென்று, கடன்பட்டு மாடு வாங்கி உழுதனர். குறித்த காலம் நிபந்தனைப்படி உழுது வந்தால் நிலத்தில் நிலைத்த உரிமை உண்டாகும் என்ற நம்பிக்கையே அவர்களைத் தாங்கி நின்றது. அஜித் சிங்கின் குடும்பத்தாரும் பங்கா எனப்படும் 105-ஆம் எண் ஊரில் நிலம் பெற்றிருந்தனர். 1907-ஆம் ஆண்டில் பகத் சிங் பிறந்ததும் அவ்வூரிலேயே.

இவ்விடத்தில் ஒன்று மறவாமற் கூறுதல் நியாயம். அப்பாழ்நிலம் முற்றும் ஆளற்றதாயிருக்கவில்லை. அங்கே மந்தை மேய்த்துத் திரிந்த மக்கள் தம் மேய்ச்சல் நிலத்தை இழந்தனர். நிலம் கொடுத்தபோதும் உழவர் எனச் சர்க்கார் குறித்த ஜாதியாரையே பெரும்பாலும் தேர்ந்தனர். ஏர் பிடித்தும் அறுவடை செய்தும் பாடுபட்ட ஏழைத் தொழிலாளர் ஜாதியார் பலருக்கு ஒரு சாணும் கிடைக்கவில்லை. ஆதலின் இக்கதையில் அநியாயத்தை எதிர்த்தவர்கள் நின்ற நிலமும் அநியாயம் அற்றதன்று. அவர்கள் உழைப்பு மெய். அவர்கள் குறையும் மெய். பிறர் குறையும் உடனிருந்தது.

புதிய சட்டம்

நிலத்தைக் கொடுத்தபோதே சர்க்கார் பல நிபந்தனைகளை விதித்திருந்தனர். நிலம் பெற்றவன் அவ்வூரிலேயே குடியிருக்க வேண்டும். குறித்தவாறு வீடு கட்டவேண்டும். அனுமதியின்றி மரம் வெட்டலாகாது. ஊர்ச் சுத்தத்தைக் காக்க வேண்டும். இவற்றுட் சில நன்னோக்கம் கொண்டவை என்பதை நாம் மறுக்கவில்லை. நிலம் துண்டு துண்டாகச் சிதறாதிருக்கவும், வட்டிக்கடைக்காரர் கையிற் சிக்காதிருக்கவும் சர்க்கார் எண்ணினர். ஆயினும் அந்நிபந்தனைகளை நடத்தியவர் யாவர்? கீழ்த்தர உத்தியோகஸ்தர்கள். வாயிலில் குப்பை கிடந்தால் அபராதம். மரக்கிளை முறிந்தால் அபராதம். ஊரில் சில நாள் இல்லாவிடில் அபராதம். அபராதத்தினின்று தப்பக் கையூட்டு. குடியானவர்கள் நீதிமன்றம் ஏறியபோது இவ்வபராதங்கள் சட்டத்துக்கு இசைந்தவையல்ல என்னும் ஐயம் எழுந்தது.

அப்பொழுது சர்க்கார் உத்தியோகஸ்தரைத் திருத்தவில்லை; சட்டத்தைத் திருத்தப் புகுந்தனர். 1906-ஆம் ஆண்டின் இறுதியில் பஞ்சாப் நிலக் குடியேற்ற மசோதா கொண்டுவரப்பட்டது. முன்னர் நிலம் பெற்றோரையும் பின்னர் விதிக்கும் நிபந்தனைகள் கட்டுப்படுத்தும் என்றும், அபராதம் முறையாக வசூலிக்கப்படும் என்றும், அதிகாரிகளின் உத்தரவில் நீதிமன்றம் தலையிடலாகாதென்றும் அது வகுத்தது. நிலம் எவ்வாரிசின் கைக்குச் செல்லலாம் என்பதிலும் சர்க்கார் கை நீட்டினர். நேர் வாரிசின்றி இறப்பவனுடைய நிலம் சர்க்காருக்கே மீளும் என்ற அச்சம் ஊரெங்கும் பரவிற்று. உழவன் தன்னை நிலத்துக்கு உடையவன் என்று எண்ணியிருந்தான்; அதிகாரியின் மனம் போல் இருக்கவும் எழவும் வேண்டிய குத்தகைக்காரன் நீ என்று மசோதா அவனுக்கு அறிவித்தது.

அதே காலத்தில் ராவி, பியாஸ் ஆறுகளின் இடைப்பட்ட பாரி தோஆப் கால்வாயின் தண்ணீர்த் தீர்வையும் உயர்த்தப்பட்டது. பருத்தி புழு விழுந்து நஷ்டமாயிற்று. பிளேக் என்னும் கொள்ளை நோய் 1907-ஆம் ஆண்டில் மட்டும் பஞ்சாபில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இத்தனை துன்பங்களுக்கு நடுவே மசோதா மாகாணச் சட்டசபையில் நிறைவேறிற்று. அச்சபையில் குடியானவர்கள் தேர்ந்தனுப்பிய பிரதிநிதி ஒருவரும் இலர்.

பகடி சம்பால் இயக்கம்

எதிர்ப்பைத் தொடங்கியவர்கள் குடியேற்ற நிலத்து உழவர்களே. முதலில் அவர்கள் சங்கம் கூடி மனுக்கள் எழுதினர். சிராஜுத்தீன் அகமது என்பவர் நடத்திய ஜமீந்தார் என்னும் பத்திரிகை அவர்கள் குறைகளை எடுத்துரைத்தது. நம் நாட்டில் ஜமீந்தார் என்றால் பெரும்பண்ணைப் பிரபு என்று பொருள். பஞ்சாபிலோ சொந்த நிலத்தை உழும் குடியானவனுக்கே அப்பெயர் வழங்கிற்று. நேயர்கள் இதனை நினைவில் வைத்தல் நன்று.

மனுக்கள் பயன்படாது போயின. அந்நிலையில் அஜித் சிங் முன்வந்தார். அவரும், கிஷன் சிங்கும், வலக்கையின்றிப் பிறந்தும் எழுத்தாற்றலாற் சிறந்த சூபி அம்பா பிரசாதும் சேர்ந்து லாகூரில் பாரத மாதா சங்கத்தை நடத்திவந்தனர். அச்சங்கம் குடியானவர் குறையைத் தேசத்தின் குறையாகக் கொண்டது. அஜித் சிங் ஊர் ஊராகச் சென்று பேசினார். படித்தவர்க்கு மட்டும் விளங்கும் பேச்சன்று அது. தீர்வையையும், அபராதத்தையும், வாய்க்கால் மதகையும் பற்றி உழவன் மொழியில் உழவனுக்கு எடுத்துரைத்த பேச்சு. உயர்த்திய தீர்வையைச் செலுத்தாது ஒன்றுபட்டு நிற்கும்படி அவர் தூண்டினார்.

1907-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லயால்பூரில் பெருங்கூட்டம் ஒன்று கூடிற்று. மாட்டுச் சந்தைக்கு வந்த உழவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். லாலா லஜபதி ராயும் அங்கே பேசினார். பத்திரிகாசிரியராகிய பாங்கே தயாள் என்பவர் தாம் இயற்றிய பாட்டொன்றை அக்கூட்டத்திற் பாடினார். உழவனே, உன் தலைப்பாகையைக் காத்துக்கொள் என்னும் கருத்துடையது அப்பாட்டு. அன்று முதல் அக்கிளர்ச்சிக்குப் பகடி சம்பால் இயக்கம் என்றே பெயர் நிலைத்தது. பகடி என்பது தலைப்பாகை. பஞ்சாபியனுக்குத் தலைப்பாகை வெறுந்துணியன்று, அதுவே மானம். தோளிற் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பிற் கட்டச் சொன்னால் ஒருவன் நெஞ்சு என்ன பாடு படும் என்பதை நம் நாட்டார் அறிவர். நிலத்தை இழந்தவன் சோறு மட்டும் இழப்பதில்லை, ஊரார் நடுவே நிமிர்ந்து நிற்கும் உரிமையையும் இழக்கிறான் என்பதை அந்த ஒரு சொல் உணர்த்திற்று. இந்துக்களும், முகம்மதியரும், சீக்கியரும் அச்சொல்லின் கீழ் ஒன்றாய் நின்றனர்.

நாடு கடத்தல்

அப்பொழுது லெப்டினண்ட் கவர்னராயிருந்தவர் ஸர் டென்ஸில் இபட்ஸன். லாகூரிலும் ராவல்பிண்டியிலும் கலகங்கள் நிகழ்ந்தன. 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு அவ்வாண்டு மே மாதம் ஐம்பது ஆண்டு நிறைவதாயிருந்தது. அந்நினைவே அதிகாரிகளின் உறக்கத்தைக் கெடுத்தது. அவர்களை மிகுதியும் நடுக்கியது மற்றொன்று. பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் பஞ்சாபியர் பெரும்பகுதியினர். அப்பட்டாளத்தாரின் தந்தையரும் தமையன்மாரும் உழும் நிலத்தையே இம்மசோதா தொட்டது. பென்ஷன் பெற்ற சிப்பாய்கள் பலர் குடியேற்ற நிலத்தில் இருந்தனர்.

விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைக்க இடந்தரும் 1818-ஆம் ஆண்டு மூன்றாம் ரெகுலேஷன் தூசி தட்டி எடுக்கப்பட்டது. மே மாதம் 9-ஆம் நாள் லஜபதி ராய் பிடிபட்டுப் பர்மாவிலுள்ள மாந்தளைக்கு அனுப்பப்பட்டார். தமிழ்நாட்டிலும் இச்செய்தி பெருந்துயரை விளைத்தது. சுப்பிரமணிய பாரதியார் லஜபதியின் பிரிவைக் குறித்துப் பாடல்கள் இயற்றினார். ஜூன் மாதத் தொடக்கத்தில் அஜித் சிங்கும் அமிர்தசரஸில் பிடிபட்டு அதே மாந்தளைக்கு அனுப்பப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு.

லண்டன் பார்லிமெண்டில் இந்தியா மந்திரி மார்லி இச்செய்கையை ஆதரித்துப் பேசினார். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நடந்த இருபத்தெட்டுக் கூட்டங்களில் ஐந்தே உழவர் குறை பற்றியவை என்றும், மற்றவை வெறும் ராஜீயக் கூட்டங்கள் என்றும் அவர் கணக்குக் காட்டினார். உழவனுடைய குறையை ஒரு பெட்டியிலும் ராஜீயத்தை மற்றொரு பெட்டியிலும் இட்டுப் பூட்டலாம் என்று அவர் கருதினார் போலும். சட்டசபையில் தனக்குக் குரல் இல்லாமையே உழவனுடைய முதற்குறை என்பதை அக்கணக்குக் காட்டவில்லை.

மசோதாவின் முடிவு

இனி வியப்பான செய்தி ஒன்று கூறுவோம். அஜித் சிங் பிடிபடுமுன்பே அவர் எதிர்த்த மசோதா மாண்டுவிட்டது. ராஜப்பிரதிநிதியாகிய மிண்டோ பிரபு, மாகாண அதிகாரிகள் வேண்டியும், மே மாதம் 26-ஆம் நாள் அதற்குத் தம் சம்மதத்தை மறுத்தார். தவறென்று தெரிந்த ஒன்றைக் கிளர்ச்சிக்கு அஞ்சியதாகப் பிறர் சொல்வரே என்று பிடித்துக்கொண்டிருத்தல் தகாது என்பது அவர் கொள்கை. தண்ணீர்த் தீர்வையின் உயர்வும் தளர்த்தப்பட்டது. பின்னர் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1912-ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் பிறந்தது. குடியேறிய உழவர் தம் நிலத்துக்கு விலை செலுத்தி முழு உடைமையாளர் ஆவதற்கு அது வழி திறந்தது.

குறையை நீக்கிய சர்க்கார், குறையைச் சொன்னவரைச் சிறையிலிட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின், நவம்பர் மாதத்தில், இருவரும் விடுதலை பெற்றனர்.

முப்பத்தெட்டு ஆண்டு வனவாசம்

விடுதலை பெற்ற அஜித் சிங் அடங்கியிருக்கவில்லை. சூரத் காங்கிரசுக்குச் சென்றார். பத்திரிகையும் துண்டு நூல்களும் வெளியிட்டார். மீண்டும் சிறை நெருங்குவதை உணர்ந்து, 1909-ஆம் ஆண்டில், சூபி அம்பா பிரசாதோடு கராச்சி வழியாகப் பாரசீகம் புகுந்தார். அங்கே மிர்சா ஹஸன் கான் என்னும் பெயர் பூண்டார். பின்னர்த் துருக்கி, பிரான்சு, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் வாழ்ந்து, 1914-ஆம் ஆண்டில் கடல் கடந்து பிரேசில் தேசம் சேர்ந்து, ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் அங்கே கழித்தார். மொழி கற்பித்தே வயிறு வளர்த்தார். பின்னர் ஐரோப்பாவுக்கு மீண்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் இத்தாலியிலிருந்து வானொலி வாயிலாக இந்தியச் சிப்பாய்களை நோக்கிப் பேசினார். யுத்தம் முடிந்தபின் நேச நாட்டார் அவரைச் சிறைப்படுத்தினர். முதுமையும் நோயும் ஒருங்கே வந்து அவரைப் பற்றின. இடைக்கால சர்க்காரின் தலைவராயிருந்த ஜவஹர்லால் நேரு முயன்றதன் பயனாக விடுதலை பெற்று, 1947-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கராச்சி வழியே தாய்நாடு திரும்பினார்.

அவர் புறப்பட்டபோது பகத் சிங் நடை பழகும் குழந்தை. திரும்பியபோது அக்குழந்தை வளர்ந்து, தூக்குமேடை ஏறிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹர்நாம் கௌர் அம்மையாரோ முப்பத்தெட்டு ஆண்டுகள் கணவர் முகம் காணாது காத்திருந்தார். உலகம் அஜித் சிங்கின் தியாகத்தைப் பேசும். அவ்வம்மையாரின் தியாகத்தைப் பேசுவார் சிலரே. இச்சஞ்சிகையைப் படிக்கும் நம் பெண்மணிகளேனும் அப்பெயரை மனத்தில் எழுதிக்கொள்வார்களாக.

உடல் நலம் நாடி அவர் டல்ஹௌஸி என்னும் மலைநகருக்குச் சென்றார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள், தேசம் சுதந்தரம் பெற்ற அன்று விடியற்காலையிலேயே, அங்கே உயிர் நீத்தார். டல்ஹௌஸியில் பஞ்சபுலா என்னும் அருவியருகே அவர் சமாதி அமைந்திருக்கிறது.

தேசம் இரண்டாயிற்று. லயால்பூர் பாகிஸ்தானத்தின் பங்காயிற்று. எந்த முரப்பாக்களின் பொருட்டுத் தலைப்பாகையைக் காத்துக்கொள்ளுமாறு பாடப்பட்டதோ, அவற்றை அப்படியே விட்டுச் சீக்கியரும் இந்துக்களும் கிழக்கே நடந்தனர். நாற்பதாண்டுகட்கு முன் ஒன்றாய் நின்று வென்றவர்கள் ஒருவரையொருவர் அஞ்சிப் பிரிந்தனர். சட்டத்தினின்று காத்துக்கொண்ட நிலத்தைப் பகைமையினின்று காக்க இயலாது போயிற்று. அஜித் சிங் இதன் முழுமையையும் காணாமற் கண் மூடியது அவர்க்குக் கிடைத்த ஒரே சலுகை என்று தோன்றுகின்றது.

நாம் கொள்ளத்தக்கவை

பகடி சம்பால் என்னும் பெயர் மறைந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் விளைபொருள் வியாபாரம் பற்றி மூன்று சட்டங்கள் இயற்றப்பட்டபோது, பஞ்சாப், ஹரியானா முதலிய இடங்களின் உழவர்கள் டில்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிக் கிளர்ச்சி செய்தனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், அஜித் சிங்கின் பிறந்தநாளில், அவர்கள் பகடி சம்பால் தினம் கொண்டாடினர். அவ்வாண்டு நவம்பரில் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. 1907-ஆம் ஆண்டின் மசோதா அதிகாரியின் பிடியை இறுக்கியது. 2020-ஆம் ஆண்டின் சட்டங்களோ சந்தையின் கட்டுகளைத் தளர்த்துவதாகச் சொல்லப்பட்டவை. இரண்டும் ஒன்றல்ல. உழவர் மனத்தில் எழுந்த வினா மட்டும் ஒன்றே: எம்மை ஏன் கேட்கவில்லை என்பது.

சர்க்கார் விதியே செய்யலாகாதென்று நாம் சொல்லவில்லை. வாய்க்காலில் முறைப்பாசனம் வேண்டுமாயின் விதி வேண்டும். கடைமடைக்காரனுக்கு நீர் சேர வேண்டுமாயின் மேல்மடைக்காரனைத் தடுக்க ஒருவர் வேண்டும். ஏரி மராமத்தும் குடிமராமத்தும் கண்ட நம் முன்னோர் இதனை நன்கறிவர். ஆயினும் அவ்விதிக்கு உட்படுவோன் அதனைச் செய்வதிலும் பங்குடையவனாதல் வேண்டும். தவறு நேர்ந்தால் முறையிட நீதிமன்றத்தின் கதவு திறந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத விதி, நன்னோக்கம் உடையதாயினும், நாளடைவில் கீழ் உத்தியோகஸ்தன் கையிற் சவுக்காகவே முடியும். சீனாப் குடியேற்றம் கற்பிக்கும் பாடம் அது.

நம் சங்கத்தார்க்கு இன்னும் ஒரு பாடம் உண்டு. அஜித் சிங் தம் ஜாதியாரை மட்டும் திரட்டியிருப்பாராயின் மிண்டோ பிரபுவின் காதில் அது விழுந்திராது. மனு எழுதிய முகம்மதியப் பத்திரிகாசிரியரும், பாட்டுப் பாடிய இந்துவும், மேடையில் முழங்கிய சீக்கியரும் சேர்ந்தபோதே அது வென்றது. அப்பொழுதும் நிலமற்ற தொழிலாளனை அவர்கள் அணைத்துக்கொள்ளாதது அவ்வெற்றியின் குறையாகவே நின்றுவிட்டது. குலத்தார் கூடுவது நல்லதே. கல்விக்கும், ஏழைகளின் கலியாணத்துக்கும், அநாதைகளின் பராமரிப்புக்கும் கூடுவோம். ஆனால் நீருக்கும் நிலத்துக்கும் நியாயம் கேட்கும்போது, வாய்க்காலின் இருகரையிலும் உள்ள எல்லாருடனும் நின்று கேட்போமாக. நம் இளைஞர்கள் பகத் சிங்கின் படத்தை வீட்டில் மாட்டும்போது, அவருக்கு முன்னே நடந்த சிற்றப்பனாரையும், வாயிலில் காத்திருந்த சிற்றன்னையாரையும் நினைப்பார்களாக.